அழுக்கா, மூலக்கூறா? மூலக்கூறு நிறமாலையியல்: தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

கல்யாண வீட்டு வாசலில் மணமக்களை நிறுத்தி ஆரத்தி சுற்றும்போது தட்டில் தளும்பும் நீர் இரத்தச் சிவப்பாக இருக்கிறது. அதைக் கரைத்த அத்தை அதில் சிவப்பாக எதையும் போடவில்லை. தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்து, வெற்றிலைச் செல்லத்திலிருந்து விரல் நுனியளவு சுண்ணாம்பை வழித்துக் கலக்கினார், அவ்வளவுதான். அதே நீரில் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சிவப்பு கலைந்து மறுபடியும் மஞ்சள் திரும்பிவிடும்.

மஞ்சளுக்கு நிறம் தரும் மூலக்கூறின் பெயர் குர்குமின். வெள்ளை ஒளியில் உள்ள ஊதாவையும் நீலத்தையும் அது விழுங்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 425 நானோமீட்டர் அலைநீளத்தில் அதன் பசி மிக அதிகம். விழுங்கியது போக எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. சுண்ணாம்பு ஒரு காரம். அது குர்குமினிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்துவிடுகிறது. பறிகொடுத்த மூலக்கூறில் எலக்ட்ரான்கள் முன்பைவிடத் தளர்வாகப் பரவி நிற்பதால் அவற்றைக் கிளப்புவதற்குக் குறைந்த ஆற்றலே போதுமானதாகிறது. ஆகவே அது விழுங்கும் ஒளி நீலத்திலிருந்து பச்சையை நோக்கி நகர்கிறது, எஞ்சுவது சிவப்பாகிறது. ஒரு மூலக்கூறு எந்த ஒளியை எடுத்துக்கொள்கிறது, எதைத் திருப்பித் தருகிறது என்று பார்த்து, அந்த மூலக்கூறு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதற்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வதுதான் மூலக்கூறு நிறமாலையியல். ஆரத்தித் தட்டில் கண்ணால் செய்ததையே ஆய்வுக்கூடத்தில் கருவியால், கண்ணுக்குத் தெரியாத ஒளியிலும் சேர்த்துச் செய்கிறார்கள்.

காவிரிப் படுகையில் ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேதியியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். என் மாணவி ஒருத்தி இந்தத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். அவளுடைய அப்பா, சம்பா நடவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு காலையில், வரப்பில் நின்றபடியே என்னைக் கேட்டார்: "சார், பொண்ணு ஏதோ கோடு கோடா படம் எடுக்குதுங்கறாங்க. அதை வச்சு என்ன சார் பண்ணுவாங்க?" அன்று அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரை அவருக்குத் தர வேண்டிய முழுப் பதில்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மூலக்கூறு தனக்கு வேண்டிய அளவு ஆற்றலைத் தன் விருப்பம்போல் எடுத்துக்கொள்ள முடியாது என்பது. மகாமகக் குளத்தின் படித்துறையில் இறங்குகிறவர் மூன்றாம் படியில் நிற்கலாம், நான்காம் படியில் நிற்கலாம்; மூன்றரையாம் படி என்று ஒன்று அங்கே இல்லை. மூலக்கூறின் ஆற்றலும் அப்படிப் படிப்படியாகவே இருக்கிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற எவ்வளவு தேவையோ அவ்வளவு ஆற்றலுள்ள ஒளி வந்தால் மட்டுமே மூலக்கூறு அதை விழுங்கும்; கூடினாலும் குறைந்தாலும் கண்டுகொள்ளாது. படிகள் ஒரே உயரத்திலும் இல்லை. எலக்ட்ரான்கள் ஏறுகின்ற படிகள் உயரமானவை; அவற்றுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ புறஊதா ஒளியோ வேண்டும். குர்குமினில் நாம் பார்த்தது அது. அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் அதிர்வதற்கான படிகள் அவற்றைவிட மிகச் சிறியவை. அங்கே அகச்சிவப்பு ஒளி போதும். மூலக்கூறு முழுவதுமாகச் சுழல்வதற்கான படிகள் இன்னும் நுண்ணியவை. நுண்ணலைகளே அவற்றுக்குப் போதும்.

இந்தப் படிகளின் உயரத்தைச் சொல்வதற்கு இத்துறையினர் ஒரு விசித்திரமான அளவையைக் கையாளுகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அந்த ஒளியின் அலைகள் எத்தனை அடங்கும் என்று எண்ணி, அதை அலை எண் என்கிறார்கள். 500 நானோமீட்டர் பச்சை ஒளியில் 20,000 அலைகள் அடங்கும். பிணைப்புகளின் அதிர்வுக்குச் சில நூறு முதல் நாலாயிரம் வரை. சுழற்சிக்குச் சிறு மூலக்கூறுகளில்கூட ஒன்று முதல் சில பத்துகள்தாம். இனி நான் வெறும் எண்ணாகச் சொல்வதெல்லாம் இந்த அலை எண்ணே.

நான் அதிகம் பேசப்போவது அதிர்வைப் பற்றி. தஞ்சாவூரில் வீணை செய்கிறவர் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுகிறது. தடித்த தந்தியைப் போட்டால் சுருதி இறங்குகிறது. பிணைப்பும் இதே இரண்டு விதிகளுக்குக் கட்டுப்பட்டது. பிணைப்பு இறுக இறுக அதிர்வெண் கூடும். அதன் முனைகளில் உள்ள அணுக்கள் கனக்கக் கனக்க அதிர்வெண் குறையும். கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இறுகியிருக்கும் இடம் ஏறத்தாழ 1700-இல் ஒலிக்கிறது. மிக இலேசான ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு பிணைந்திருக்கும் இடம் 3200-க்கும் 3600-க்கும் இடையில் ஒலிக்கிறது. அந்த ஹைட்ரஜனை எடுத்துவிட்டு இரு மடங்கு எடையுள்ள அதன் உடன்பிறப்பான டியூட்டீரியத்தை வைத்தால், பிணைப்பின் இறுக்கம் மாறாமலே ஒலி 2500-க்கு அருகில் இறங்கிவிடும். இந்தக் கடைசி விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நீராவியின் ஒரு மூலக்கூறுக்கு மூன்று வகை அதிர்வு உண்டு. இரு கைகளும் ஒன்றாக நீண்டு சுருங்குவது 3657. ஒன்று நீளும்போது மற்றது சுருங்குவது 3756. இரு கைகளும் கத்தரிபோல் விரிந்து மடங்குவது 1595. அகச்சிவப்பு ஒளியை நீராவிக்குள் செலுத்தி மறுபுறம் அளந்தால் இந்த இடங்களில் ஒளி குறைந்திருக்கும். எண்களைக் கிடையாகவும் ஒளி எவ்வளவு குறைந்தது என்பதை நெடுக்காகவும் வைத்து வரைந்த படமே நிறமாலை. குறைந்த இடங்களை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் 'பீக்' என்றுதான் சொல்கிறார்கள். அகச்சிவப்பு ஒளி என்று ஒன்று இருப்பதை 1800-ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல், சூரிய நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்துக் கண்டறிந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின் 1905-இல் வில்லியம் கோப்லென்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை அளந்து வெளியிட்டார். வெவ்வேறு பொருள்களில் இருந்தாலும் ஒரே வகைப் பிணைப்பு ஏறக்குறைய ஒரே இடத்தில் பீக் தருகிறது என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தொடங்கியது. அதனால்தான் நிறமாலையை வாசிக்க முடிகிறது.

இனி, வாசிப்பதில் உள்ள சங்கடத்துக்கு வருகிறேன். புத்தகங்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன; என் அனுபவத்தில் தொழிலே இதுதான்.

நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது போர்னியால் என்ற ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து கற்பூரமாக்கும் வேலை என்னிடம் தரப்பட்டது. நம் சாமி அறையில் ஏற்றும் அதே கற்பூரம். போர்னியாலில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. கற்பூரத்தில் அது கிடையாது, பதிலாகக் கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு இருக்கும். ஆகவே வினை முடிந்தால் 3300-க்கு அருகில் உள்ள அகன்ற பீக் மறைய வேண்டும், 1740-இல் புதிய பீக் எழ வேண்டும். (வழக்கமான 1715 இல்லாமல் 1740 ஆக இருப்பதற்குக் காரணம், கற்பூரத்தில் அந்தப் பிணைப்பு ஐந்து கார்பன் வளையமொன்றில் நெருக்கப்பட்டு நிற்பது.) மாதிரியை அளக்கும் முறை அன்று இது: ஒன்றிரண்டு மில்லிகிராம் பொருளை, அதைப்போல் நூறு மடங்கு பொட்டாசியம் புரோமைடு உப்போடு அகேட் கல் உரலில் மாவாக அரைத்து, அச்சில் போட்டுச் சில டன் அழுத்தத்தில் அழுத்தினால், நாலணா நாணயத்தைவிடச் சிறியதாக, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வில்லை ஒன்று கிடைக்கும். கண்ணாடி அகச்சிவப்பின் பெரும்பகுதியை மறித்துவிடும்; இந்த உப்பு மறிக்காது. அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

எனக்கு 1740-இல் அழகான பீக் வந்தது. ஆனால் 3400-இல் ஒரு பெரிய மேடும் இருந்தது. வினை பாதியில் நின்றுவிட்டது என்று முடிவு செய்து மறுபடி செய்தேன். மேடு போகவில்லை. ஆக்சிஜனேற்றியைக் கூட்டினேன், நேரத்தைக் கூட்டினேன், மூன்று வாரம் போயிற்று. கார்த்திகை மாதம், வெளியே விடாத அடைமழை, வகுப்பறைச் சுவரில்கூட ஈரம் பூத்திருந்தது. என் வழிகாட்டி வில்லையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பால் கலந்ததுபோல் மங்கியிருந்தது. "பொருளைத்தான் கேட்டிருக்க, உப்பைக் கேட்டியா?" என்றார். வெறும் உப்பை மட்டும் அழுத்தி அளந்தேன். அதே 3400, கூடவே 1640-இல் ஒரு குட்டி மேடு: தண்ணீர். பொட்டாசியம் புரோமைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி சரியாக மூடாத புட்டியில் இருந்த உப்பு, டெல்டாவின் மழைக்காலத்தைத் தன்னோடு சுமந்துகொண்டு என் நிறமாலைக்குள் வந்திருந்தது. கற்பூரம் முதல் நாளே தயாராகிவிட்டது.

உப்பை 110 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் காயவைத்து, டெசிகேட்டர் என்னும் ஈரம் புகாத மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு அளந்தால் மேடு மறைந்துவிடும் என்பதை அன்று கற்றேன். அதைவிட முக்கியமாகக் கற்றது ஒரு கேள்வியை. ஒவ்வொரு பீக்கின் முன்னும் நின்று, இது மூலக்கூறினுடையதா, அதோடு ஒட்டிக்கொண்டு வந்த அழுக்கினுடையதா என்று கேட்பது. இப்போதெல்லாம் வைரப் படிகத்தின்மீது பொருளை வைத்து அழுத்தியே அளந்துவிடுகிறார்கள், வில்லை தேவையில்லை. ஆனால் கேள்வி போகவில்லை. கருவிக்கு எதிரே குனிந்து மூச்சு விட்டாலே 2350-க்கு அருகில் இரட்டைக் கூம்பாக ஒரு பீக் முளைக்கும். அது ஆய்வாளரின் மூச்சிலிருந்த கார்பன் டை ஆக்சைடு. முதலாண்டு மாணவர்கள் அதைப் புதிய பிணைப்பு என்று ஆவலோடு எழுதிவைப்பார்கள். அது ஏன் இரட்டையாக வருகிறது என்பது மட்டும் நல்ல கேள்வி: வாயுவாக இருக்கும் மூலக்கூறு அதிரும்போதே சுழலவும் செய்வதால், அதிர்வுப் படியோடு ஒரு சுழற்சிப் படியைக் கூட்டியோ குறைத்தோதான் அது ஒளியை ஏற்கிறது, கூட்டியவை ஒரு பக்கமும் குறைத்தவை மறு பக்கமும் குவிகின்றன.

இதே கேள்வியிலிருந்துதான் இந்தத் துறையின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று பிறந்தது. அதைச் செய்தவர் நம் ஆற்றங்கரைக்காரர். 1888 நவம்பர் 7 அன்று காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், 1920-களில் கல்கத்தாவில் திரவங்கள் ஒளியைச் சிதறடிக்கும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1923-இல் அவருடைய மாணவர் கே. ஆர். ராமநாதன், தண்ணீருக்குள் ஊதா ஒளியைச் செலுத்தியபோது, சிதறி வந்த ஒளியில் செலுத்தாத ஒரு நிறமும் மிக மெல்லியதாகக் கலந்திருப்பதைக் கண்டார். அழுக்காக இருக்கலாம், தண்ணீரில் கலந்திருக்கும் ஏதோ ஒரு பொருள் ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழலாம். அப்படி உமிழ்வதை ஒளிர்வு என்பார்கள். சரி, அழுக்கை நீக்கிப் பார்ப்போம் என்று மறுபடி மறுபடி தூய்மைப்படுத்தினார்கள். அந்த மெல்லிய ஒளி போகவில்லை.

பின்னர் கே. எஸ். கிருஷ்ணன் சேர்ந்துகொண்டார். வெயிலை ஒரு நிற வடிகட்டியால் வடித்துத் திரவத்துக்குள் செலுத்தி, அந்த நிறத்தை முற்றிலும் மறிக்கும் இன்னொரு வடிகட்டியின் வழியே பார்த்தார்கள். எதுவும் தெரியக் கூடாது, தெரிந்தது. அதுவும் சாதாரண ஒளிர்வைப் போல் இல்லாமல், ஒரே தளத்தில் அதிரும் ஒளியாக, வலுவாக முனைவாக்கப்பட்டிருந்தது. இது அழுக்கின் வேலை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 1928 பிப்ரவரி 28 அன்று நிறமாலைமானியின் வழியே பார்த்தபோது செலுத்திய நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் இடையே உள்ள விலகல் தெளிவானது. மார்ச் 31 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் வந்த குறிப்பில் சுமார் அறுபது திரவங்களைச் சோதித்ததாக எழுதினார்கள். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் ஏறக்குறைய அதே காலத்தில் இதையே கண்டார்கள். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணனின் பெயர் பள்ளிப் பாடத்தில் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆதங்கம்.

நடப்பது இதுதான். மூலக்கூறின்மீது படும் ஒளியின் பெரும்பகுதி வந்த நிறத்திலேயே சிதறிப் போகிறது. ஏறத்தாழ கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும், போகிற போக்கில் மூலக்கூறை அதிரவைத்துவிட்டுப் போகிறது. மூலக்கூறுக்குக் கொடுத்த ஆற்றல் ஒளித்துகளிடம் குறைந்துபோகிறது, ஆகவே நிறம் சற்றுச் சிவப்புப் பக்கம் நகர்கிறது. போனபோது எவ்வளவு, வந்தபோது எவ்வளவு என்று கழித்தால் கிடைப்பது அந்த மூலக்கூறின் அதிர்வுப் படியின் உயரம். அகச்சிவப்பில் பார்க்க வேண்டியதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே பார்த்துவிடலாம் என்பது இதன் ஒரு வசதி. இன்னொரு வசதி பெரியது. அகச்சிவப்பை விழுங்க வேண்டுமானால் அதிர்வின்போது மூலக்கூறின் மின்னேற்றப் பங்கீடு ஒரு பக்கம் சாய்ந்து ஊசலாட வேண்டும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கான நைட்ரஜனில் இரு முனையும் ஒரே அணு. எப்படி அதிர்ந்தாலும் எந்தப் பக்கமும் சாயாது. ஆகவே அகச்சிவப்பில் அது ஊமை. ராமன் சிதறலில் அது 2331-இல் தெளிவாகப் பேசும். அங்கே கேட்கப்படுவது மின்னேற்றம் சாய்கிறதா என்பதல்ல, எலக்ட்ரான் முகில் நெகிழ்கிறதா என்பது.

ஒரு வேதியியலரின் வாழ்நாள் முழுவதும் இந்தத் துறையில் கழிந்தால் அது எப்படி இருக்கும் என்பதற்கு ஹரால்டு குரோட்டோவின் கதையைத்தான் நான் வகுப்பில் சொல்வது வழக்கம். 1939-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1964-இல் முனைவர் பட்டம் முடித்துக் கனடாவின் ஒட்டாவாவுக்குப் போனார். மூலக்கூறு நிறமாலையியலில் அன்று உலகமே அண்ணாந்து பார்த்த கெர்ஹார்டு ஹெர்ஸ்பெர்க்கின் கூடம் அங்கே இருந்தது. பின்னர் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்துக்கொண்ட நீண்ட கம்பிபோன்ற மூலக்கூறுகளைச் செய்து, அவை சுழலும்போது எந்த நுண்ணலைகளை எடுத்துக்கொள்கின்றன என்று அளந்தார். யாருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்கத்தக்க வேலை. ஆனால் சுழற்சிப் பீக்குகள் கைரேகையைவிடத் துல்லியமானவை. ஆய்வுக்கூடத்தில் எண்ணை அளந்துவிட்டால், அதே எண்ணில் வானத்திலிருந்து வானொலி அலை வருகிறதா என்று தொலைநோக்கியைத் திருப்பிப் பார்க்கலாம். 1970-களில் கனடாவின் அல்கோன்குயின் தொலைநோக்கியில் அப்படிப் பார்த்தபோது, ஐந்து கார்பன் சங்கிலியும் அதைவிட நீண்டவையும் விண்மீன்களுக்கு இடையிலுள்ள முகில்களில் இருப்பது தெரிந்தது.

இவ்வளவு நீண்ட சங்கிலிகள் எங்கே உருவாகின்றன? கார்பன் மிகுந்த முதிய விண்மீன்களின் புகையில் என்று அவர் ஐயுற்றார். அதைச் சோதிக்க 1985 செப்டம்பரில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கர்ல், ரிச்சர்டு ஸ்மாலி ஆகியோரோடும் அவர்களுடைய மாணவர்களோடும் சேர்ந்து கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கினார். சங்கிலிகள் வந்தன. கூடவே சரியாக அறுபது கார்பன் அணுக்கள் கொண்ட ஒன்று, மற்ற எல்லாவற்றையும் மீறி ஓங்கி நின்றது. பன்னிரண்டு ஐங்கோணமும் இருபது அறுகோணமும் தைத்த கால்பந்துபோன்ற கூடு அது என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் கையில் இருந்தது எடையைக் காட்டும் பீக் மட்டுமே. உருவத்துக்குச் சாட்சி இல்லை.

சாட்சி வேறிடத்தில் ஏற்கெனவே கிடந்தது. ஹைடெல்பெர்க்கின் வொல்ஃப்காங் கிரெட்ஷ்மரும் அரிசோனாவின் டொனால்டு ஹஃப்மனும் 1980-களின் தொடக்கத்திலேயே கிராஃபைட் புகைக்கரியை அளந்தபோது, புறஊதாப் பகுதியில் ஒட்டகத் திமில்கள்போல் வழக்கத்துக்கு மாறான மேடுகள் தென்பட்டன. ஏதோ அழுக்கு என்று எண்ணி ஒதுக்கிவிட்டார்கள். கால்பந்து மூலக்கூறு பற்றிய செய்தி வந்தபிறகு அதைத் தூசு தட்டி எடுத்து, அகச்சிவப்பில் அளந்தார்கள். அறுபது அணுக்கள் கொண்ட கூட்டுக்கு 174 அதிர்வுகள் உண்டு. ஆனால் அந்தக் கூடு அவ்வளவு சமச்சீரானதாக இருந்தால் அகச்சிவப்பில் நான்கே நான்கு பீக்குகள்தாம் தெரிய வேண்டும் என்று கணக்குச் சொன்னது. தெரிந்தவை: 1429, 1183, 577, 528. நான்கு.

அப்போதும் அவர்கள் நம்பிவிடவில்லை. பம்பிலிருந்து கசிந்த எண்ணெயோ வேறெதுவோ காரணமாக இருக்கலாமல்லவா? ஆகவே சாதாரணக் கார்பனை எடுத்துவிட்டு, அதைவிடச் சற்றுக் கனமான கார்பன்-13 ஐசோடோப்பிலிருந்து புகைக்கரியைச் செய்தார்கள். தடித்த தந்தி, இறங்கிய சுருதி. 12-க்கும் 13-க்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலப்படி, நான்கு பீக்குகளும் ஏறத்தாழ 4 சதவீதம் கீழே இறங்கின. மூலக்கூறில் கார்பனைத் தவிர வேறு எதுவும் அதிரவில்லை என்பது அதனால் உறுதியாயிற்று. 1990-இல் இந்த முறையில் கால்பந்து மூலக்கூறைக் கிராம் கணக்கில் செய்யவும் வழி பிறந்தது. 1996-இல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு. 2010-இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்பு நிறமாலையில், இறந்துகொண்டிருக்கும் ஒரு விண்மீனைச் சூழ்ந்த முகிலில் அதே மூலக்கூறு அடையாளம் காணப்பட்டது. விண்வெளிச் சங்கிலியைத் தேடிப் புறப்பட்டவரின் மூலக்கூறு, இருபத்தைந்து ஆண்டுகள் சுற்றி மறுபடி விண்வெளியிலேயே கிடைத்தது.

நம் ஊரில் இந்த வேலை இவ்வளவு பெரிதாகத் தோற்றமளிக்காது. பெரும்பாலான நாள்கள் கழுவுவதிலும் காயவைப்பதிலும் கழிகின்றன. காலையில் முதல் வேலை, பாலிஸ்டைரீன் படலம் ஒன்றைக் கருவியில் வைத்து 1601-இல் வர வேண்டிய பீக் அங்கேயே வருகிறதா என்று பார்ப்பது. தராசில் படிக்கல்லை வைத்துப் பார்ப்பதுபோல. கல்லூரியில் இல்லாத கருவிக்குச் சாம்பிளைப் பொட்டலம் கட்டிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. பிறகு கணினியில் மூலக்கூறை வரைந்து, அதன் அதிர்வுகளைக் குவாண்டம் முறையில் கணக்கிட்டு, அளந்த எண்களோடு ஒப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து இவ்வகைக் கட்டுரைகள் ஏராளமாக வருகின்றன. கணக்கிட்ட எண்கள் வழக்கமாகச் சற்று அதிகமாக வரும் என்பதால் 0.96 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிக் குறைப்பது முறைதான்; ஆனால் ஒவ்வொரு பீக்குக்கும் எப்படியாவது ஒரு அதிர்வைச் சொந்தமாக்கி அட்டவணையை நிரப்பிவிடும்போது, அழுக்குக்கும் ஓர் அதிர்வு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. நான் தேர்வாளராகப் படித்த ஆய்வேடுகள் சிலவற்றில் தண்ணீரின் 1640 மிக மரியாதையான பெயரோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் இருக்க முடிந்ததில்லை.

என் மாணவி இப்போது செய்வது அவளுடைய அப்பாவின் வயலைப் பற்றியதுதான். நீர் கட்டி நிற்கும் நெல் வயலின் சேற்றில் காற்றுப் புகாது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் பொருள்களிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கொடுத்தால் இது குறையும் என்பதை வேளாண் துறையினர் சொல்லிவருகிறார்கள். மீத்தேன் அகச்சிவப்பை 3019-க்கும் 1306-க்கும் அருகில் விழுங்குகிறது. பூமியின் வெப்பம் வெளியேறும் வழியை அது மறிப்பதும் இதனால்தான். 2017-இல் ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோள், மீத்தேன் விழுங்கும் இன்னோர் இடமான 2.3 மைக்ரோமீட்டர் ஒளியில் வானத்திலிருந்தே அதை அளக்கிறது. இவளுக்குச் செயற்கைக்கோள் வேண்டியதில்லை. தண்ணீர் நிரப்பிய புட்டியைப் புனலோடு கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, கழியால் சேற்றைக் கிளறினால் கொப்புளங்கள் மேலேறிப் புட்டியில் சேர்கின்றன. 1776-இல் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா மஜ்ஜோரே ஏரியின் சேற்றிலிருந்து மீத்தேனைப் பிடித்ததும் இப்படித்தான்.

அந்த வாயுவைக் கால்சியம் குளோரைடு குழாய் வழியே ஈரம் போக்கி, இரு முனைகளிலும் உப்புப் பலகணி வைத்த பத்து சென்டிமீட்டர் குழலில் நிரப்பி அளந்தாள். ஈரத்தோடு நிரப்பினால் பலகணியே கரைந்து மங்கிவிடும் என்று நான் ஒரு முறைக்கு மூன்று முறை சொல்லியிருந்தேன். சென்ற மாதம் ஓர் இரவு கைப்பேசியில் படம் வந்தது. 3019-இல் கூர்மையான ஒரு முனை, அதன் இருபுறமும் ஏறத்தாழ பத்துப் பத்து இடைவெளியில் சீப்பின் பல்லைப்போல் வரிசை. மீத்தேனின் சுழற்சிப் படிகள் அவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2350-இல் அந்த இரட்டைக் கூம்பும் நின்றது. சேற்று வாயுவில் கார்பன் டை ஆக்சைடும் இருக்கக்கூடும், அவளுடைய மூச்சாகவும் இருக்கக்கூடும். "மூச்சு விட்டியாம்மா?" என்று கேட்டேன். சிரிப்பு முகம் ஒன்று பதிலாக வந்தது.

மறுநாள் கருவியின் உட்புறத்தையும் வெற்றுக் குழலையும் நைட்ரஜனால் நெடுநேரம் அலசிவிட்டு வெற்றாக அளந்தாள். அகச்சிவப்பில் ஊமையான வாயு என்பதால் அது எந்தப் பீக்கும் தராது. கோடு தரைமட்டமாக வந்தது. பிறகு வயல் வாயுவை நிரப்பினாள். இரட்டைக் கூம்பு திரும்பி வந்தது. ஆக, அது சேற்றினுடையது.

அடுத்து அவள் கேட்டது, கொப்புளத்தில் நைட்ரஜன் எவ்வளவு என்று. அதற்கு அகச்சிவப்பு உதவாது, ராமன் கருவி வேண்டும். அது அவள் கல்லூரியில் இல்லை. புட்டியின் மூடியை மெழுகால் அடைத்து, அப்பாவின் பழைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை காலை திருச்சிக்குப் பஸ் ஏறினாள்.